வடக்கே போன ஐவர்

1

என் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் ஐவர். எண்ணிப் பார்த்துவிட்டேன், ஒரே ஆள்தான். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தோறும் சங்கரன்கோவிலிலிருந்து போன் பண்ணும்போது "அந்த ஐவரும் சொகமா இருக்காவளா?" என்று கேட்பான். ஒரு பெயர்தான் அது என்று நான் விளக்கிப் பல வருஷமாகிறது. அந்த 'உம்'மை அவன் விடுவதாக இல்லை.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழா மலர் போடுகிறார்களாம். 'கடல் கடந்து சாதித்த நம்மவர்' என்று அதில் ஒரு பகுதி. நான் இங்கிலாந்துக்கு வந்து இந்த மாதத்தோடு இருபது வருஷம் ஆவதால் என்னையும் எழுதச் சொல்லி அண்ணன் மூலம் உத்தரவு வந்தது. சாதனை எதுவும் உண்டா என்று ஒரு வாரம் தேடினேன். இருபது வருஷமாக அப்பா பெயரில் வாழ்கிறேன் என்பது ஒன்றுதான் கிடைத்தது. முதன்முதலில் நிரப்பிய விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? சங்கரநாராயணனாகிய நான் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து வங்கியும் ஆஸ்பத்திரியும் வரி ஆபீசும் என்னைத் திரு. கோமதிநாயகம் என்றே அழைக்கின்றன. ஆயுளில் மதுரையைத் தாண்டாத மனிதர், செத்த பிறகு இங்கே ஒழுங்காக வரி கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஊரில் என்னை டாக்டர் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். அண்ணன் மகள் கல்யாணம் முடியும்வரை இதை உரக்கச் சொல்லக்கூடாது என்று ஏற்பாடு. போன மாதம் கல்யாணம் முடிந்துவிட்டது. சொல்லிவிட்டேன்.

ஆகவே சாதித்தவர் வேண்டுமென்றால் நான் ஐவரைப் பற்றித்தான் எழுத முடியும். அவரும் புலம்பெயர்ந்தவர்தான். கடலெல்லாம் கடக்கவில்லை. ஒரு ரயிலில் ஏறி வடக்கே வந்தார். அதற்கே அவர் ஊர்க்காரர்கள் எழுபது வருஷம் அவரை மன்னிக்கவில்லை.

2

அவரை முதலில் பார்த்தது பக்கத்து வீட்டில் இல்லை, எக்ஸ்ரே மேஜையில். பனியில் வழுக்கி விழுந்தவரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். எண்பதைத் தாண்டிய வயது. கதவு அகலத்துக்குத் தோள். மூக்கு மட்டும் இடதுபக்கம் யாரையோ தேடிப் போய்க்கொண்டிருந்தது. எங்கே வலிக்கிறது என்று கேட்டேன்.

"எந்த வருசத்து வலியக் கேக்கீரு வே?" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் பேசுவது லண்டன் இங்கிலீஷ் இல்லை. வேல்ஸ் நாட்டு மலையில் பிறந்து, வட இங்கிலாந்தின் மில்லில் ஊறிய இங்கிலீஷ். அதை வானொலிச் செய்தித் தமிழில் எழுதினால் அவருடைய மூக்கை நானே நிமிர்த்திவிட்ட பாவம் சேரும். எனக்குத் தெரிந்த ஒரே நேர்மையான மொழிபெயர்ப்பு நெல்லைத் தமிழ்தான்.

படத்தைப் பார்த்த டாக்டருக்குத் தலை சுற்றியது. விலா எலும்புகளில் பழைய முறிவு எது, புதிய முறிவு எது என்று பிரிக்க முடியவில்லை. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு ரோடு மாதிரி இருந்தது. எப்போது தோண்டினார்கள், எப்போது மூடினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. பெரிய கார் விபத்து ஏதாவது நடந்ததா என்று டாக்டர் கேட்டார். "ரக்பி லீக்," என்றார் ஐவர். "பதிமூணு வருசம்."

பெயர், முகவரி சரிபார்க்கும்போதுதான் அவர் என் அடுத்த வீட்டுக்காரர் என்று தெரிந்தது. எங்கள் வீட்டுக்கு நாங்கள் குடிவந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இந்த நாட்டில் அண்டை வீட்டாரோடு அவ்வளவு அவசரப்பட்டுப் பழகுவது அநாகரிகம்.

3

ரக்பி என்பது கோழிமுட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறவனை மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து அமுக்கும் ஆட்டம். ஐவருக்கு ஒருநாள் போனில் எங்கள் பக்கத்துக் கபடி ஆட்டம் ஒன்றைக் காட்டினேன். கடைசிவரை உற்றுப் பார்த்துவிட்டு, "அதே ஆட்டந்தான் வே. நாங்க ஒரு பந்த வேற சொமந்துட்டுத் திரிஞ்சோம்," என்றார்.

இந்த ரக்பியில் இரண்டு சாதி. காசு வாங்காமல் ஆடுகிறவர்கள் யூனியன். காசு வாங்கிக்கொண்டு ஆடுகிறவர்கள் லீக். யூனியனை வைத்து நடத்தியவர்கள் வக்கீல்கள், டாக்டர்கள், அப்பா சொத்து உள்ளவர்கள். சனிக்கிழமை வேலையை விட்டு ஆடப்போனால் சம்பளம் போய்விடுமே என்ற கவலை இல்லாதவர்கள். லீக் வட இங்கிலாந்தின் மில் தொழிலாளிகளும் சுரங்கத் தொழிலாளிகளும் ஆடியது. யூனியன்காரன் ஒருவன் லீக்கில் காசு வாங்கினான் என்று தெரிந்தால் ஆயுளுக்கும் தள்ளிவைப்பார்கள். பழைய மைதானத்தில் ஆடக்கூடாது. பழைய கிளப்புக்குள் கால் வைக்கக்கூடாது. ஊர்விலக்கம் நம் ஊர்க் கண்டுபிடிப்பு என்று அதுவரை கொஞ்சம் பெருமையாகவே நினைத்திருந்தேன்.

ஐவரின் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து நெஞ்சு முழுக்கத் தூசியாகிப் போனவர். ஐவர் பதினைந்து வயதில் அதே சுரங்கத்துக்குள் இறங்கினார். அண்ணன் எம்லின் ஊர் யூனியன் அணிக்குத் தலைவர், கிளப்புக்குச் செயலாளரும் அவரே. தம்பி ஐவரும் அதே அணியில். ஐவருக்கு இருபது வயதானபோது தொப்பி போட்ட இரண்டு பேர் காரில் வந்து அவர்கள் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்தார்கள். வட இங்கிலாந்தின் லீக் கிளப் ஒன்றிலிருந்து ஆள் பிடிக்க வந்தவர்கள். மேஜைமேல் புது நோட்டுக் கட்டு ஒன்றை வைத்தார்கள். அம்மா அதைத் தொடவில்லை. காய் நறுக்கும் பலகையைத் தூக்கி அதன்மேல் கவிழ்த்துவிட்டு, "அங்கயும் பூமிக்குள்ளதான் எறங்கணுமா?" என்று ஒரே கேள்வி கேட்டாளாம். இல்லை, மில்லில் வேலை என்றார்கள். அப்படியானால் போகட்டும் என்றாள்.

மறுநாளே ஊர்க் கிளப்பிலிருந்து தபால் வந்தது. நீக்கல் கடிதம். கீழே செயலாளரின் கையெழுத்து, அதாவது எம்லினுடையது. ஒரே வீட்டில், பக்கத்து அறையில் படுத்திருந்த அண்ணன் அதைத் தபாலில் அனுப்பியிருந்தார். முறை என்றால் முறை. ஐவர் அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் ரயில் ஏறினார். வடக்கே போனவன் என்பது அந்த மலைப்பக்கத்தில் ஒரு வசவாம்.

4

தொழில்முறை ஆட்டக்காரர் என்றதும் மாளிகையும் காரும் உங்கள் நினைவுக்கு வரலாம். ஐவர் காலை முதல் மாலை வரை மில்லில் பஞ்சு மூட்டை தூக்கினார். செவ்வாயும் வியாழனும் வேலை முடிந்து பயிற்சி. சனிக்கிழமை ஆட்டம். ஜெயித்தால் ஒரு தொகை, தோற்றால் அதில் பாதிகூட இல்லை. அவர் மனைவி மார்கரெட் வானொலியில் முடிவைக் கேட்ட பிறகுதான் கறிக்கடைக்குக் கிளம்புவாராம். தோற்ற வாரத்தில் கிழங்கு.

அந்தக் காலத்தில் அடிபட்டவனுக்குப் பதிலாள் இறக்கும் வழக்கமே கிடையாது. ஒருவன் வெளியேறினால் பதிமூன்று பேருக்குப் பன்னிரண்டு. ஒரு கோப்பை அரையிறுதியில் ஆட்டம் தொடங்கிக் கால்மணி நேரத்துக்குள் ஐவரின் காறை எலும்பு முறிந்தது. வாளித் தண்ணீரோடு ஓடிவந்தவர் ஈரப் பஞ்சை வைத்து ஒத்தினார். அந்தப் பஞ்சுதான் அவர்களின் முழு மருத்துவத்துறை. கையை மார்போடு கட்டிக்கொண்டு ஐவர் கடைசிவரை ஒற்றைத் தோளால் ஆடினார். ஜெயித்தார்கள். கூட்டம் அவரைத் தூக்கிக்கொண்டு போனது, எந்தப் பக்கம் முறிந்ததோ அந்தப் பக்கமாக. திங்கட்கிழமை மில்லுக்கு அரைமணி தாமதமாகப் போனார் என்று மேஸ்திரி அரைநாள் சம்பளத்தைப் பிடித்தார்.

அவர் வாழ்க்கையில் முறிந்ததிலேயே எது அதிகம் வலித்தது என்று ஒருநாள் கேட்டேன். மூக்கு, விரல், விலா என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அப்பாவின் சாவைச் சொன்னார். அடக்கம் முடிந்து வந்தவர்கள் எல்லோருக்கும் ஊர்க் கிளப்பில் சாப்பாடு. மார்கரெட்டும் அவரும் பின்னால் போனார்கள். வாசலில் கமிட்டிக்காரர் ஒருவர் கையை நீட்டித் தடுத்தார். உன் மனைவி வரலாம், நீ வரக்கூடாது. பெற்ற மகனைத் தவிர ஊரே உள்ளே போய்ச் சாப்பிட்டது. மழையில் கொஞ்ச நேரம் நின்றார்கள்.

"எம்லின் உள்ளதான் இருந்தான். ஒரு எட்டு வெளிய வந்து தலையக் காட்டியிருக்கலாம். வரல," என்றார்.

அதன் பிறகு அண்ணனும் தம்பியும் பேசவே இல்லை. எம்லின் இறந்தபோதும் இவர் போகவில்லை.

5

இப்போது ஐவருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. மார்கரெட் இல்லை. ஒரே மகன் ஆஸ்திரேலியாவில். இரண்டு பேரன்களும் வாரம் ஒருமுறை வீடியோவில் வருகிறார்கள். அவர்கள் பேசும் ஆஸ்திரேலிய இங்கிலீஷ் ஐவருக்குப் புரியாது, இவர் பேசுவது அவர்களுக்குப் புரியாது. மூன்று பேரும் மாறி மாறித் தலையாட்டி அன்பைத் தெரிவித்துக்கொள்கிறார்கள். நான் சிரிக்க யோக்கியதை இல்லாதவன். என் மகள் இங்கேயே பிறந்து பதினாறு வயதானவள், போன மாதம் அண்ணனிடம் போனில் "பெரியப்பா, நான் உங்களை ரொம்ப இழந்துட்டேன்," என்று உருகினாள். அண்ணன் போனை அண்ணியிடம் கொடுத்துவிட்டு, தான் உயிரோடுதான் இருக்கிறானா என்று விசாரித்திருக்கிறான்.

ஐவரின் முழங்கால்கள் மாடிப்படியைக் கைவிட்டு ஒரு வருஷம் ஆகிறது. கீழே சோபாவில்தான் படுக்கை. பழைய தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு உதவும் ஓர் அறக்கட்டளை, படியோரமாக ஏறும் மின்நாற்காலி ஒன்றைப் போட்டுத் தருகிறது என்று கேள்விப்பட்டு, நானும் மகளுமாக விண்ணப்பித்தோம். இருபத்திரண்டு பக்கம். 'உங்கள் காயங்களைச் சுருக்கமாக எழுதவும்' என்ற இடத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம். மகள் ஆறு தனித்தாள்களை இணைத்தாள்.

பதில் வந்தது. அவர் ஆடினார் என்பதில் ஐயமில்லை, பத்திரிகைத் துணுக்குகள் அருமை. ஆனால் காசு வாங்கிக்கொண்டு ஆடினார் என்பதற்கு அத்தாட்சி இல்லை. கிளப்பின் சம்பளப் பதிவை அனுப்பினால் பரிசீலிக்கப்படும். அந்தக் கிளப் மூடி முப்பது வருஷம் ஆகிறது. மைதானம் இருந்த இடத்தில் இப்போது பெரிய மளிகைக் கடை. ஐவர் காறை எலும்பை முறித்துக்கொண்ட இடத்தில் உறையவைத்த பட்டாணி விற்கிறார்கள்.

காசு வாங்கினான் என்று ஒரு ஊர் வாசலில் நிறுத்தியது. காசு வாங்கவில்லை என்று இன்னொரு ஆபீஸ் படிக்கட்டில் நிறுத்துகிறது. இதை நான் ஐவரிடம் சொன்னேன். அவர் மார்கரெட்டின் தையல் பெட்டியை எடுத்துத் தரச் சொன்னார். நூல்கண்டுகளுக்கு அடியில் நாலாக மடித்த காகிதம் ஒன்று. 'தாங்கள் பணம் பெற்று ஆடும் தொழில்முறை ஆட்டக்காரராக மாறிவிட்டமை ஐயத்திற்கிடமின்றித் தெரியவருவதால், தங்களை இக்கிளப்பிலிருந்து ஆயுட்காலத்திற்கும் நீக்குகிறோம்.' கீழே எம்லினின் கையெழுத்து, மையில் ஒரு நடுக்கம்கூட இல்லாமல்.

உலகத்திலேயே அவர் தொழில்முறை ஆட்டக்காரர் என்பதற்கு இருந்த ஒரே சான்று அதுதான். அனுப்பட்டுமா என்று கேட்டேன். "அனுப்பும். எழுவது வருசங்கழிச்சாவது அண்ணங்காரன் ஒரு உவகாரம் பண்ணட்டும்," என்றார்.

6

அந்த ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் அண்ணனிடம் போனில் சொன்னேன். வழக்கமாக நடுவில் மூன்று கேள்வியாவது கேட்பவன், எதுவும் கேட்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். எங்கள் தெருவுக்கு ஒரு கபடி அணி இருந்தது. அண்ணன்தான் அதில் நட்சத்திரம். ஒருமுறை பக்கத்து ஊரான இளையரசனேந்தல்காரர்கள் ஆளுக்கு ஒரு புரோட்டாப் பொட்டலம் தருவதாகச் சொல்லிக் கூப்பிட, அண்ணன் அவர்களுக்காகப் போய் ஆடிவிட்டான். மறுநாள் விசைத்தறிச் சத்தம் கேட்காத ஒரு மூலையாகப் பார்த்து அணி கூடியது. அவனை நீக்கவேண்டும் என்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார்கள். எல்லோரும் தூக்கினார்கள். எனக்கு வயது பதினான்கு, அணியில் சேர்ந்து இரண்டே வாரம். நானும் தூக்கினேன். அவன் அதன்பின் கபடி ஆடவில்லை. நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

"ஏலே," என்றான் கடைசியில். "கையெழுத்துப் போட்டது கூடப்பொறந்த அண்ணந்தானா?"

ஆமாம் என்றேன்.

"நீயுந்தான் கையத் தூக்குன."

தூக்கினேன் என்றேன். தப்பு என்றேன். இருபது வருஷமாக இங்கே ஒரு நாளைக்கு நாற்பது தடவை 'மன்னிக்கவும்' சொல்லிப் பழகியவன், தமிழில் அதைச் சொல்லத் திணறினேன்.

"சரி விடு. சால்னா நல்லாத்தான் இருந்துச்சு," என்றான்.

7

அறக்கட்டளை நாற்காலியைக் கொடுத்தது. கொடுப்பதற்குமுன், நீக்கல் கடிதம் மெய்தானா என்று அந்த மலையூர்க் கிளப்புக்கு எழுதிக் கேட்டிருக்கிறது. அங்கே இப்போதைய செயலாளர் கேரிஸ் என்ற பெண், எம்லினின் பேத்தி. அவள் பழைய கமிட்டிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு ஐவருக்குப் போன் பண்ணினாள். காது மந்தம் என்பதால் ஒலிபெருக்கியில் போட்டோம். நானும் கேட்டேன்.

கடிதம் மெய்தான். புத்தகத்தில் அதற்கு அடுத்த வரி, தலைவரும் செயலாளருமான எம்லின் இரண்டு பொறுப்பிலிருந்தும் விலகுகிறார், காரணம் கூறவில்லை. அதன்பிறகு தாத்தா ரக்பி ஆடியதே இல்லை என்றாள் கேரிஸ். கிளப்புக்குள் கால் வைத்ததும் இல்லை. சனிக்கிழமை ஆட்ட நேரத்தில் எழுந்து மலைப்பக்கம் நடக்கப் போய்விடுவாராம்.

"எங்க அப்பா அடக்கத்தன்னிக்கி?" என்று கேட்டார் ஐவர்.

அன்றும் அவர் கிளப்புக்குப் போகவில்லை என்றாள். அடக்கம் முடிந்து நேராக வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார் என்று பாட்டி சொல்லுவாளாம்.

ஐவர் போனை மேஜைமேல் வைத்தார். "முட்டாப்பய," என்றார். "அவன மாதிரி பந்து பிடிக்க அந்த மலையிலயே ஆளு கெடையாது. எனக்காவ விட்டிருக்கான். அத எங்கிட்டச் சொல்ல வேண்டாமா வே?" அவருடைய பெரிய விரல்கள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தன. நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் மழை பெய்கிறதா என்று பார்த்தேன். இந்த ஊரில் அதற்காக யாரும் ஜன்னலுக்குப் போகத் தேவையில்லை.

கிளப் அவரை அழைத்தது. இப்போதெல்லாம் யூனியனிலும் காசு வாங்கித்தான் ஆடுகிறார்கள். ஆகவே ஐவரைத் தள்ளிவைத்தது தவறு என்று கமிட்டி ஒருமனதாகக் கண்டுபிடித்துவிட்டது. நான் காரில் கூட்டிப்போனேன், ஐந்து மணி நேரம். எம்லினின் கல்லறைக்கு மட்டும் போதும் என்றுதான் கிளம்பினார். பாதி வழியில், சரி, கிளப்புக்கும் வருகிறேன், ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே பச்சைத்தண்ணிகூடக் குடிக்கமாட்டேன் என்றார். தன்மானம் என்றால் தன்மானம்.

கல்லறையில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணனும் அவரும் சின்ன வயதில் வேல்ஸ் மொழியில்தான் பேசிக்கொள்வார்களாம். எழுபது வருஷமாக அவருக்கு அதைப் பேச ஆள் இல்லை. சொல் வரவில்லை. கல்லின் தலைப்பாகத்தை இரண்டு முறை தட்டினார், ஆட்டத்தில் கூட நிற்பவனின் தோளைத் தட்டுவது போல. பிறகு போகலாம் என்றார்.

கிளப்பில் கூட்டம். இளவயதுத் தலைவர் ஒருவர் 'எங்கள் மண்ணின் மைந்தர்' என்று தொடங்கிப் பத்து நிமிஷம் பேசினார். மைந்தர் எதையும் தொடாமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறைச்சி வைத்த ரொட்டித் தட்டு இரண்டு முறை வந்து திரும்பிப் போனது. பிறகு கேரிஸ் வந்து அவர் அருகில் குனிந்து வேல்ஸ் மொழியில் ஏதோ கேட்டாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சம் தேடினார். ஒரு வார்த்தை சொன்னார். அவள் முகம் மலர்ந்து உள்ளே போனாள்.

என்ன கேட்டாள் என்றேன்.

"டீ வேணுமான்னு கேட்டா. எங்க பாசையில ஆமா, இல்லன்னு தனியா வார்த்தை கெடையாது வே. கேட்டதத்தான் திருப்பிச் சொல்லணும், வேணும்னோ வேண்டாம்னோ. வேண்டாம்னுதான் சொன்னேன்."

கேரிஸ் தட்டில் டீயோடு வந்தாள். பால், சர்க்கரை எல்லாம் போட்டு, ஆவி பறக்க.

ஐவர் அந்தக் கோப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தப்பாச் சொல்லிட்டம் போலுக்கு," என்றார். திருப்பிக் கொடுத்தால் அந்தப் பெண்ணின் முகம் என்ன ஆகும் என்று யோசித்திருக்க வேண்டும். உடைந்து கோணிய விரல்களால் கோப்பையின் காதைப் பிடித்துத் தூக்கி, மெதுவாக, கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

இரண்டாவது கோப்பையை இங்கிலீஷில் கேட்டார்.